லட்சுமிக்கு வீட்டு வரி

என் மச்சான் மயிலாப்பூர்வாசி. மயிலாப்பூரில் சொந்த வீடு என்கிற விஷயத்தை, எந்தப் பேச்சாக இருந்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டால்கூட, ‘நம்ம வீட்டு மொட்டை மாடியிலே நின்னா கபாலி கோபுரம் தெரியும், அப்படித் தெரியுது இண்டியா தோக்கப் போறது’ என்பார்.

அப்பேர்ப்பட்டவர் 2022 ஏப்ரல் முதல் வாரத்தில் போன் பண்ணி, மூன்று வாக்கியம் ஆகியும் வீட்டைப் பற்றிப் பெருமை பேசவில்லை.

“மாப்பிள்ளை... 150 சதவிகிதம்!”

“எது, சம்பள உயர்வா?”

“சொத்து வரி மாப்பிள்ளை, சொத்து வரி! நூறு ரூபாய் கட்டினவன் இனிமே இருநூத்தம்பது கட்டணுமாம்!”

சென்னையில் 1998-க்கு அப்புறமும், மற்ற ஊர்களில் 2008-க்கு அப்புறமும் சொத்து வரி பொதுவாகத் திருத்தப்படாமலே இருந்தது. நடுவில் 2018-ல் ஏற்றினார்கள். ஜனங்கள் போட்ட கூச்சலில் 2019-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு, வரியை ஒழுங்காகத் திருத்தினால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் 2022-ல் ஒரே போடு. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் 50 சதவிகிதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. சென்னையோடு 2011-ல் சேர்ந்த பகுதிகளிலும் மற்ற நகராட்சிகளிலும் இதே படிக்கட்டு, கொஞ்சம் உயரம் குறைவு: 25, 50, 75, 100.

நான் சிரித்தேன். சிரிக்கலாம், ஏனென்றால் நான் படூர்க்காரன். ராஜீவ் காந்தி சாலையில் கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், எதிரும் புதிருமாக அடுக்குமாடிகள். லிஃப்ட், ஜிம், நீச்சல் குளம் (தண்ணீர் லாரி வந்தால்) எல்லாம் உண்டு. ஆனால் சட்டத்தின் கண்ணில் நாங்கள் கிராமம். நகராட்சிகளுக்குப் போட்ட அரசாணை கிராம ஊராட்சியைத் தொடவில்லை. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தின்படி எங்களுடையது ‘வீட்டு வரி’.

“நாங்க பட்டிக்காட்டான் மச்சான். எங்களுக்கு ஏது அதெல்லாம்!” என்றேன். பதினோராவது மாடியிலிருந்து.

அந்தச் சிரிப்புக்கு ஆகஸ்டில் தண்டனை கிடைத்தது. அப்பா பேசினார்.

அப்பா செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு நகராட்சியில், தாத்தா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். ஊர் பேர் வேண்டாம். ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். 1974-லிருந்து வீட்டு வரி ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி, டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறவர். கெடுவுக்கு முதல் நாளே போய்க் கட்டிவிட்டு வருவார். கியூவில் நிற்பது அவருக்குப் பிடிக்கும். முப்பத்தைந்து வருஷம் கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தவர் அல்லவா?

“நோட்டீஸ் வந்திருக்குடா. 744 ரூபாய் கட்டிட்டு இருந்தேன், அரை வருஷத்துக்கு. இப்போ 1,302ங்கறான்.”

“எல்லாருக்கும்தாம்ப்பா ஏத்தியிருக்கான்.”

“ஏத்தட்டும். நான் அதைக் கேக்கலை. 1,240 சதுர அடின்னு போட்டிருக்கான். நம்ம வீடு 1,160 தானே?”

எண்பது சதுர அடி. அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்னை. எனக்கு அது வெறும் எண்பது சதுர அடி. ஆனால் படிக்கட்டை மறுபடி பாருங்கள். 1,200-க்குள் இருந்தால் 50 சதவிகிதம். ஒரே ஒரு அடி தாண்டினாலும் 75. எண்பது அடி எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தது.

சனிக்கிழமை திருப்போரூர் பஸ் பிடித்து, அங்கிருந்து மாறிப் போய்ச் சேர்ந்தேன். அப்பா திண்ணையில் ரசீதுகளைப் பரப்பி, மேலே கூழாங்கல் வைத்து உட்கார்ந்திருந்தார். நகராட்சிப் பதிவேட்டின் நகலை ஏற்கெனவே மனுப் போட்டு வாங்கிவிட்டார். அதில் தெளிவாக இருந்தது: ‘பிரதான கட்டடம் 1,160. பின்புறக் கொட்டகை 80.’

“எந்தக் கொட்டகைப்பா?”

“லட்சுமி இருந்த கொட்டகை.”

லட்சுமி எங்கள் பசு. 1995-ல் செத்துப் போச்சு. அடுத்த வருஷம் கொட்டகையைப் பிரித்து ஓட்டை விற்றாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது முருங்கை மரம். ஆனால் 2008-ல் வரியைத் திருத்தியபோது, யாரோ ஒரு புண்ணியவான் ஸ்தலத்துக்கு வராமல் பழைய பதிவேட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருக்கிறார். ரசீதில் தொகை மட்டும்தான் இருக்குமே ஒழிய சதுர அடி இருக்காது. ஆகவே பதினாலு வருஷமாக அப்பா, செத்துப்போன மாட்டுக்கு, இல்லாத கொட்டகைக்கு, கியூவில் நின்று வரி கட்டியிருக்கிறார்.

கணக்குப் போட்டேன். அரை வருஷத்துக்கு 48 ரூபாய். 28 அரை வருஷம். 1,344 ரூபாய். லட்சுமி உயிரோடு இருந்தவரை அதற்கு நாங்கள் புண்ணாக்கு வாங்கிய செலவே அவ்வளவு ஆகியிருக்காது.

நிற்க. இந்தச் சொத்து வரி என்பது எப்படிப் பிறக்கிறது என்று, வீட்டுக் கடனுக்கு மட்டும் கணக்குத் தெரிந்த ஐ.டி. பார்க் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டின் விலைக்கும் இதற்கும் நேர் சம்பந்தம் இல்லை. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று உள்ளாட்சி ஒரு கற்பனை செய்கிறது. கற்பனை என்றால் நிஜமாகவே கற்பனைதான். சென்னையில் 1998 முதல் 2022 வரை குடியிருப்புக்குச் சதுர அடிக்கு மாசம் 60 பைசாவிலிருந்து 2 ரூபாய் 40 பைசா வரைதான், தெருவுக்குத் தகுந்த மாதிரி. மயிலாப்பூரில் சதுர அடி 2 ரூபாய் 40 பைசாவுக்கு வாடகை வீடு கிடைக்குமென்றால் இந்தப் பத்தியை எழுதுவதை விட்டுவிட்டு நான் அங்கே குடி போய்விடுவேன்.

அதைப் பரப்பளவால் பெருக்கினால் மாச வாடகை மதிப்பு. பிறகு வருஷத்துக்கு மாற்ற வேண்டும். 12-ஆல் பெருக்குவீர்கள். சென்னை மாநகராட்சி 10.92-ஆல் பெருக்கும்! வருஷ வாடகை 120 ரூபாய் என்றால், பத்தில் ஒரு பங்கு, 12 ரூபாய், மனைக்கு. மிச்சம் 108 கட்டடத்துக்கு. அதில் பத்தில் ஒரு பங்கைப் பழுது பார்க்கும் செலவு என்று கழித்தால் 97 ரூபாய் 20 பைசா. மனையின் 12-ஐத் திரும்பச் சேர்த்தால் 109 ரூபாய் 20 பைசா. ஆக, மாநகராட்சி நாள்காட்டியில் வருஷத்துக்குப் பத்து மாசமும் இருபத்தேழரை நாளும். சொந்தக்காரரே குடியிருந்தால் சலுகை, கட்டடத்துக்கு வயசானால் சலுகை என்று இன்னும் கழிவுகள் உண்டு. கடைசியில் நிற்கும் ஆண்டு மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்று அரையாண்டு வரி. ஒவ்வொரு நகராட்சிக்கும் பகுதியும் விகிதமும் வேறுபடும், கட்டுமானம் ஒன்றுதான்.

ஆக, சர்க்கார் ஏற்றும் சதவிகிதத்தை நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது. அது ஓட்டுப் பெட்டி சமாசாரம். ஆனால் உங்கள் வீட்டைப் பற்றிய விவரங்கள் இருக்கின்றனவே, அவை தப்பாக இருக்கலாம். பரப்பளவு, வயசு, ஓடா கான்கிரீட்டா, நீங்களே இருக்கிறீர்களா, வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, உங்கள் தெரு எந்தப் பகுதி. குடியிருப்பைக் கடை என்று எழுதியிருந்தால் பர்ஸுக்கு ஆபத்து. இதில் எது தப்பானாலும் பேச இடமுண்டு. ‘ரொம்ப ஜாஸ்தியா இருக்கு ஸார்’ என்று அழுவது மனு ஆகாது. ‘1,240 என்பது தவறு, 1,160 என்பதே சரி’ என்பது மனு.

வரி கட்ட மனசில்லாதது நம் தலைமுறை வியாதி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1696-லிருந்து 1851 வரை ஜன்னல் வரி இருந்தது. ஜன்னலை எண்ணி வரி. ஜனங்கள் என்ன செய்தார்கள்? செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். நம்ம மெட்ராஸில் கம்பெனிக்காரன் போட்ட வரியை ஊரார் கட்ட மறுத்துத் தகராறு பண்ண, ‘இவர்களில் சிலரையே உட்கார வைத்து வரி போடச் சொன்னால் கட்டுவார்கள்’ என்கிற யோசனையும் சேர்ந்துதான் 1688-ல் மாநகராட்சியே பிறந்தது. இந்தப் பக்கம் உத்திரமேரூர்க் கல்வெட்டில், கி.பி. 920 வாக்கில், சபைக்குத் தேர்வாக வேண்டுமானால் கால் வேலி வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் குடத்தின் பக்கமே வர முடியாது. அப்பாவுக்கு அந்தக் கல்வெட்டு ரொம்பப் பிடிக்கும்.

நகராட்சி ஆபீஸுக்குத் திங்கட்கிழமை போனோம். லீவு போட்டேன். வாசலில் வேப்ப மரம், ஜெராக்ஸ் கடை, ஜெராக்ஸ் கடையில் ஒருவர். எந்த ஆபீஸ் வாசலிலும் இவர் இருப்பார். சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்.

“என்ன ஸார், வரிப் பிரச்னையா? பெரியவரை எதுக்கு வெயில்ல அலைய விடறீங்க? ஐநூறு கொடுங்க. உள்ளே பேசி, 1,160ன்னு மாத்தி எழுதிடலாம். அரை நாள் வேலை.”

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை பர்ஸுக்குப் போனது. என் ஒரு நாள் லீவு எவ்வளவு? ஐநூறு ரூபாய் லாபம்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, குடையை விரித்துக்கொண்டு தனியாக உள்ளே போய்விட்டார். எண்பத்தியொரு வயசுக்காரர், படி ஏறுவதற்குக் கைப்பிடிச் சுவர் கூட இல்லாத ஆபீஸ். நான் பின்னால் ஓடினேன். “அப்பா, சும்மா விசாரிச்சேன்” என்றேன். அதற்கும் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி வரை என்னிடம் ‘மோர் போடட்டுமா’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

மனு நான் எழுதினேன். ஆபீஸ் பழக்கத்தில் ‘வித் ரெஃபரன்ஸ் டு த ட்ரெய்லிங் மெயில்’ தோரணையில் வந்தது. அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டுத் தானே எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பெறுநர் இடத்தில் ‘ஆணையாளர் அவர்கள்’. பார்வையில் நோட்டீஸ் எண், தேதி, வரிவிதிப்பு எண். நாலே வரி விஷயம். ‘நேரில் அளந்து திருத்தி ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.’ இணைப்பில் பதிவேட்டு நகல், கிரயப் பத்திர நகல், பழைய ரசீது, மின்கட்டண அட்டை. ஓட்டை வாங்கிய லாரிக்காரன் 1996-ல் கொடுத்த சீட்டைக்கூட விடவில்லை.

எங்களுக்கு நோட்டீஸில் கொடுத்த கெடு முப்பது நாள். உங்கள் நோட்டீஸில் கடைசி வரியைப் படியுங்கள்; அங்கேதான் கெடுவை ஒளித்து வைத்திருப்பார்கள். கெடு தாண்டினால் லட்சுமியே நேரில் வந்து சாட்சி சொன்னாலும் பிரயோஜனமில்லை. மனுவைக் கவுன்ட்டரில் கொடுத்து நகலில் ரப்பர் ஸ்டாம்ப் வாங்கினோம். அது போதாதென்று ஒரு நகல் ரிஜிஸ்தர் தபாலில், ஒப்புகை அட்டையோடு. (2025 செப்டம்பரில் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.)

ஆணையாளர் ‘முடியாது’ என்றால்? அடுத்த படி நகர்மன்றத்தின் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. கவுன்சிலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சென்னையில் அதற்குத் தீர்ப்பாயம். அதற்கும் மேலே கோர்ட். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போவதானால் முதலில் வரியைக் கட்டிவிட்டு வா என்பார்கள். ‘கட்டமாட்டேன், வழக்கு நடக்குது’ என்று வீறாப்பு பேசினால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். சண்டையும் போட வேண்டும், பணமும் கட்ட வேண்டும். கல்யாண வாழ்க்கை மாதிரி.

ஒரு காலத்தில் குண்டூரில் வரி கட்டுவோர் சங்கம் ஒன்று நகராட்சியை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போய், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எது நியாய வாடகையோ அதன்மேல்தான் வரி போட வேண்டும் என்று 1970-ல் தீர்ப்பே வாங்கியது. 1979-ல் டெல்லி வழக்கு ஒன்றிலும் அதே போக்கு. அப்புறம் சட்டங்கள் மாறின. தமிழ்நாட்டின் 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019-ல் போயே போய்விட்டது. 2023 ஏப்ரலில் பழைய நகராட்சிச் சட்டங்களும் போய், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒரே சட்டம் வந்தது. சட்டம் மாறினாலும் வீட்டின் நீளமும் அகலமும் மாறுவதில்லை என்பார் அப்பா.

மூன்றாவது வாரம் அளக்க வந்தார்கள். ஓர் ஆர்.ஐ., கூட பில் கலெக்டர். காகிதத்தில் அவர் வரித் தண்டலர். ஆர்.ஐ. சின்னப் பையன், முப்பதுக்குள். மரியாதையாக “ஐயா, டேப்போட இந்த முனையைப் பிடிச்சுக்குங்க” என்றார். அப்பா பிடித்துக்கொண்டார், தேசியக் கொடியின் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

முன்பக்கம், கூடம், சமையல் அறை... எல்லாம் சேர்த்து 1,160. அச்சு அசல். பின்பக்கம் முருங்கை மரத்தைக் காட்டி, “இங்கேதான் லட்சுமி நின்னுது” என்றார் அப்பா. ஆர்.ஐ. மரத்தைப் பார்த்தார், சிரித்தார், கொட்டகையை அடித்தார். முடிந்தது. நான் காபி கொண்டுவரத் திரும்பினேன்.

“அந்தப் பக்கம் ஒரு பாத்ரூம் இருக்கு தம்பி. அது உங்க புஸ்தகத்திலே இல்லை. அதையும் அளந்துக்குங்க.”

எனக்கு மூச்சு நின்றது. 2011-ல், அம்மா முட்டி வலியால் கொல்லைக்கு நடக்க முடியாமல் கஷ்டப்பட்டபோது, படுக்கை அறையை ஒட்டிக் கட்டிய பாத்ரூம். இரண்டு வருஷம்தான் அம்மா உபயோகித்தாள். நாற்பது அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போச்சு. 1,200-ஐத் தாண்டி, மறுபடி 75 சதவிகிதம்! “அப்பா...” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். காதில் விழாத மாதிரி டேப்பைப் பிடித்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஆர்.ஐ. குனிந்து அளந்தார். “ஏழு... அஞ்சு. முப்பத்தஞ்சு.”

1,195.

அரையாண்டு வரி 1,076 ரூபாய் என்று அடுத்த மாசம் ஆணை வந்தது. 1,302-க்கு 226 குறைவு. பஸ், ஜெராக்ஸ், தபால், என் இரண்டு நாள் லீவு எல்லாம் கழித்தால் எத்தனை வருஷத்தில் லாபம் வரும் என்று மச்சான் கணக்குப் போட்டுச் சிரித்தார். அப்பாவிடம் சிரிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

லட்சுமிக்காகக் கட்டிய 1,344 ரூபாய் திரும்ப வரவில்லை. ‘அப்போதே ஆட்சேபித்திருக்க வேண்டும், திருத்தம் இந்த அரையாண்டிலிருந்துதான்’ என்றார்கள். அதற்கும் ஒரு மனு போட்டிருக்கிறார். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் வரவில்லை. அட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அன்றைக்குக் கிளம்பும்போதுதான் அப்பா வாய் திறந்தார். “உன் படூர் வீட்டு ரசீது யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்லதான் இருக்கும்ப்பா.”

ராத்திரி வீட்டுக்கு வந்து, பீரோவைக் குடைந்து எடுத்துப் பார்த்தேன். வீடு கட்டி விற்ற புண்ணியவான் பெயரில் இருந்தது. அஞ்சு வருஷமாக அவர் பெயருக்கு நான் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன். யார் மேலும் குற்றமில்லை. பெயர் மாற்றம் கேட்டு நான் மனுப் போடவே இல்லை. சதுர அடியைப் பார்த்தேனா என்றால், அதுவும் இல்லை.

கிராம ஊராட்சியில் நிர்வாக அதிகாரி ஊராட்சித் தலைவர்தான், மனு அவருக்கு என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனுவைக் கம்ப்யூட்டரில் அடித்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

“பார்வையிலே ரசீது நம்பர் போடலையேடா?”